ஆயிரம் பவுண்டுக்குள் ஒரு கேம்பர்

"ஆயிரத்து நூத்தி எம்பது பவுண்டு!"

தானியக் கிடங்கு எடைமேடையின் ஒலிபெருக்கி சொன்னதும், மேடையில் நின்ற ஹார்லன் வண்டியின் இழுவைக் கொம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

விறகு ஏற்றும் சின்ன டிரெய்லர் மேல், ஒட்டுப்பலகையாலும் நுரைப்பலகையாலும் குளிர்காலம் முழுக்க அவரே கட்டிய கேம்பர் அது. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், பின்கதவைத் தூக்கினால் அடுப்பு. ஆனால் மனைவி டோரீனின் குட்டிக் கார் ஆயிரம் பவுண்டுக்கு மேல் இழுக்காது. மீறினால் கியர்பெட்டி போய்விடும் என்று மெக்கானிக் சத்தியமே செய்திருந்தார்.

நாற்பதாவது திருமண நாளுக்கு மலையடிவாரத்தில் இடம் பிடித்தாயிற்று. இன்னும் மூன்றே வாரம். கேம்பர் தேறவில்லையென்றால் மச்சான் டுவைட்டின் பஸ் அளவு வண்டியில் போக வேண்டும். நானூறு மைலும் டுவைட் பேசுவார். அதை நினைத்தாலே ஹார்லனுக்குத் தூக்கம் போயிற்று.

"இன்னும் நூத்தி எம்பது கொறைக்கணும்," என்றார் வீட்டில்.

"உங்க கேம்பர்க் கோழிக்கூண்டு என்ன ஆச்சுன்னு டுவைட் கேலியா போன் பண்ணான்," என்றாள் டோரீன்.

"கூண்டா? சொல்லு அவன்கிட்ட, கூண்டு வரும்னு!"

வீறாப்பாகச் சொல்லிவிட்டுத் திருப்புளியை எடுத்தார். கதவைக் கழற்றித் திரைச்சீலை மாட்டினார். அன்றிரவே மரநாய் போன்ற ரக்கூன் ஒன்று உள்ளே புகுந்து மெத்தையைக் கிழித்துக் குடும்பம் நடத்தப் பார்த்தது. கிழிந்த மெத்தையைத் தூக்கி எறிந்தார். அதுவும் எடைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

கவலை வந்தால் ஹார்லனுக்குப் பசிக்கும். கிடங்குக்கு எதிர்க்கடையில் பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் ஜோடியாகத் தருவார்கள். போகும்போது ஒரு தட்டு, திரும்பும்போது ஒரு தட்டு.

அடுத்த வாரம் மழை. தலை முதல் கால்வரை ரப்பர் கோட்டு, முழங்கால் பூட்ஸ், இடுப்பில் சுத்தியல், ரம்பம், ஆணிப்பை எல்லாம் சகிதமாக, புல்வெட்டும் டிராக்டரில் கேம்பரை இழுத்துவந்து எடைமேடையில் கழற்றிவிட்டார். அதன் கொம்பைப் பிடித்தபடி காத்து நின்றார். முப்பது வருடம் சோள லாரி ஓட்டியவருக்கு இந்த மேடை பழகின இடம். லாரியை ஏற்றினால் போதும், எடை போடும் லவான் அறைக்குள்ளிருந்தே ஒலிபெருக்கியில் எடையைச் சொல்லிவிடுவார். சீட்டை விட்டு யாரும் இறங்குவதில்லை.

"ஆயிரத்து நூத்தி எம்பத்தி ரெண்டு!"

"என்னது? கதவையும் மெத்தையையும் கழட்டிட்டேன் லவான்! ரெண்டு பவுண்டு ஏறியிருக்கா?"

"மெஷின் பொய் சொல்லாது ஹார்லன்." ஒலிபெருக்கி ஏனோ தயங்கியது. "வேற ஏதாவது... சரி, விடு."

மழையில் பலகை தண்ணீர் குடித்திருக்கும் என்று முடிவு கட்டினார். டோரீனின் தலைமுடி உலர்த்தியை எடுத்துவந்து இரண்டு நாள் கேம்பருக்கு சூடான காற்று விட்டார். உலர்த்தி புகைந்து போயிற்று, பலகை வளைந்து வாய் பிளந்தது. வளைந்த கூரையை அறுத்தெடுத்துத் தார்ப்பாய் கட்டினார். கூரை போனதும் சுவர் ஆடியது. ஆடின சுவரில் ஒன்றைப் பிடுங்கினார். அடுப்புப் பெட்டியையும் பிடுங்கினார்.

"ஹார்லன், நாம எதுல தூங்கறது?" என்றாள் டோரீன்.

"முதல்ல எடை, அப்புறம் தூக்கம்."

கடைசி வாரம் டோரீனும் காரில் கூடவே வந்தாள். எடைமேடையில் கேம்பர் என்று சொல்ல மூன்று சுவரும் ஒரு தார்ப்பாயும் மிச்சம். அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டு ஹார்லன் கண்ணை மூடினார்.

"ஆயிரத்துப் பத்து!"

அவருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. பத்து பவுண்டு! இனிக் கழற்ற சக்கரம்தான் பாக்கி. மேடைக்கு வெளியே நின்ற காரிலிருந்து டோரீன் போனில் மெல்லப் பேசுவது கேட்டது.

"டுவைட், உன் வண்டியில எங்களுக்கும் எடம் வை. ஆமா, கூண்டு தேறல. சிரிக்காத, அவரு பாவம்."

ஹார்லன் கொம்பை விடாமல் அப்படியே நின்றார். முப்பது வருடத்தில் முதல்முறையாக லவான் எடை அறையை விட்டு வெளியே வந்தார். கையில் மூன்று வாரத்து எடைச்சீட்டும் இருந்தது. முகத்தில் சங்கடம்.

"என்ன பண்றது லவான், நீயே சொல்லு. இன்னும் எதைக் கழட்ட?"

லவான் ஒருமுறை காரைப் பார்த்தார், ஒருமுறை எதிர்க்கடையைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்தார்.

"ஆளோட எடையை மூஞ்சிக்கு நேரா சொல்றது நம்ம ஊர்ல மரியாதையில்லன்னுதான் இத்தன நாள் வாயத் தெறக்கல ஹார்லன். மொத நாள் நீ மேடைய விட்டு எறங்கினப்பவே கேம்பர் தொள்ளாயிரத்து நாப்பதுதான்."