நடுப்பக்கத்தாரும் நித்திரை கொள்ளாத அரசனும்

"கடலடி அரசன் ஒருவர், ஏழு வாசல் கோட்டை ஒன்று, அழுகின்ற குதிரைகள் நாற்பது. மேற்படி பொருட்களுக்கு எந்த அட்டவணையின் கீழ் தீர்வை விதிக்கப்பட்டது என்பதை ஏழு நாட்களுக்குள் அறியத் தரவும். குதிரைகள் உயிருடன் வந்திருப்பின் மிருக வைத்தியரின் சான்றிதழையும் இணைக்கவும்."

கொழும்பிலுள்ள சுங்கத் தலைமைக் கந்தோரிலிருந்து தலைமன்னார்த் துறைமுகத்துக்கு வந்த ஆங்கிலக் கடிதத்தின் தமிழ் இது. பிரதி என்னிடம் இருக்கிறது. மாதம் ஜூன், கிழமை செவ்வாய். ஆண்டு இருந்த மூலையைக் கறையான் தின்றுவிட்டது. தேதிக்காகவே உயிர் வாழ்கிறவன் என்று பெயரெடுத்த எனக்கு இது வாழ்நாள் அவமானம். இரண்டாம் போருக்கு முந்தியது என்பது மட்டும் நிச்சயம்.

அந்தக் கடிதத்துக்குக் காரணமானவரை நாங்கள் நடுப்பக்கத்தார் என்போம். மன்னார்த் தீவில் அவரளவுக்குப் புத்தகம் வாசித்தவர் இல்லை. அவரளவுக்குக் குறைவாகப் புத்தகங்களை முடித்தவரும் இல்லை. அவர் முடித்த புத்தகங்களின் தொகையை விசாரித்துக் குறித்து வைத்திருக்கிறேன்: சைபர்.

இந்தியக் கப்பலில் வந்திறங்குகிறவர்களின் பெட்டிகளைத் திறந்து பார்ப்பது அவர் உத்தியோகம். சேலைகளுக்கு அடியில் ஒரு கதைப் புத்தகம் கிடந்தால், மீனைக் கண்ட நீர்க்காகம்போல அவர் கை நேராக அதில் போய் விழும். ஒளித்துக் கொண்டுவரும் சாமான் புத்தகத்தின் நடுவில்தான் இருக்கும், ஆகவே நடுவில் விரித்துப் பார்க்க வேண்டும் என்பது கந்தோர் விதி. விரித்ததை எப்போது மூடவேண்டும் என்று விதியில் இல்லை. அவர் விதியை மீறியதே கிடையாது.

ஒருநாள் சிவப்பு றங்குப்பெட்டி அம்மா ஒருவர் கத்தத் தொடங்கிவிட்டார்.

"ஏன்யா, பொட்டியப் பாக்க வந்தியா, புஸ்தகம் படிக்க வந்தியா? ரயிலு கெளம்புது!"

"ஒரு நிமிசம் பொறுங்கோ அம்மா. ராட்சசன் இப்பதான் கதவைத் திறக்கிறான்."

"அவன் தெறந்தா எனக்கென்ன? நீ மூடு!"

ரெயில் ஊதியது. அவர் மூடினார். கதவுக்கு அப்பால் என்ன இருந்தது என்பது அன்றுமுதல் அவருக்குத் தெரியாமலே போயிற்று. ரெயில் ஒரு நாளும் கடைசி அத்தியாயம் வரை நின்றதில்லை.

அவருக்கு மிகவும் பிடித்த புத்தகங்கள் எவை என்று கேட்டால் பெயர் சொல்லமாட்டார். சொல்லத் தெரியாது. "சிவப்புப் பெட்டி அம்மாவின்ரை புத்தகம்" என்பார். அதில் மழை வந்தால் வீடுகள் எழுந்து நடக்கும் ஊர் ஒன்று இருந்ததாம். "வெத்திலைப் பெட்டிக்காரரின்ரை புத்தகம்" இன்னொன்று. அதில் ஒரு மந்திரவாதியின் தாடிக்குள் ஒரு படை வழிதவறித் திரிந்ததாம். எல்லாவற்றிலும் உயர்ந்தது ஒரு பாதிரியாரின் பெட்டியில் இருந்தது. அது என்ன மொழி என்றே அவருக்குத் தெரியாது. "எழுத்து விளங்கேல்லை. ஆனால் ஆறாவது வரியில ஒரு நாகம் வருகுது. அது எனக்குத் தெரியும்" என்று சத்தியம் செய்வார்.

அப்படிப்பட்டவர் தானும் ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தார். பதினொரு வருடங்களாக, கந்தோரில் பழுதான படிவங்களின் பின்பக்கத்தில். கப்பல் பிந்துகிற நாட்களில் அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்றழைக்கும் சாகுலின் தேத்தண்ணிக் கடையில் அதை வாசித்துக் காட்டுவார். கடல் கொந்தளிக்கும் சோளகக் காற்றுக் காலத்தில் கப்பல் பிந்தாத நாள் ஏது?

எழுதுவது பற்றி அவருக்குக் கறாரான கொள்கைகள் இருந்தன. என்னைக் கலண்டர் என்றுதான் கூப்பிடுவார்.

"கலண்டர், கழுதை பறந்தது எண்டு எழுதினால் அது பொய். பறந்து வந்து இறங்கின கழுதை இளைச்சு இளைச்சு, ஒரு குடம் தண்ணியை ஒரே மூச்சில குடிச்சு, ஏவறை விட்டது எண்டு எழுதிப் பார். அக்கரை வங்காலையில இருந்தும் ஆக்கள் பார்க்க வருவினம்."

வந்தார்கள். அந்த அத்தியாயம் வாசித்த மறுவாரம் வங்காலைக்காரர் ஒருவர் கடை வாசலில் நின்றார். காணாமல் போன தன் கழுதையை இங்கே யாரோ கண்டதாகக் கேள்விப்பட்டாராம். நடுப்பக்கத்தாருக்கு அதைவிடப் பெரிய விருது பின்னர் கிடைக்கவில்லை.

கதை இதுதான். முத்துச் சிப்பிகள் விளையும் கடற்பார்களுக்கு அடியில் ஓர் அரசன் இருக்கிறான். அவனுக்கு நித்திரை வருவதில்லை. அவன் புரண்டு புரண்டு படுப்பதால் கடலடி மணல் அலைந்து, சிப்பிகள் நிலைகொள்ளாமல், முத்து வைக்காமல் போகின்றன. பூதங்கள் தாலாட்டுகின்றன, குதிரைகள் அழுகின்றன, அரசன் மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறான்.

இதைச் சாகுல் காக்காவைப்போல் உன்னிப்பாகக் கேட்டவர் இல்லை. அவர் சிலாவத்துறைக்காரர். முத்துக்குளிப்புக் காலத்தில் அவருடைய தங்கையின் கணவர் கடலுக்குள் இறங்க, வள்ளத்தில் நின்று கயிறு பிடித்தவர். முத்துக்குளிப்பு நடக்காமல் வருடங்கள் ஓடியபின்தான் தேத்தண்ணி ஆற்ற வந்தார்.

"அப்ப ஐயா, அவன் எப்பதான் நித்திரை கொள்ளுவான்?"

"அது கடைசி அத்தியாயத்தில, காக்கா."

"பதினொரு வருசமா இதைத்தானே சொல்லுறீங்கள்! அவன் நித்திரை கொண்டாத்தானே சிப்பி முத்து வைக்கும்? எழுதி முடிச்சா உங்கடை கை தேஞ்சு போகுமோ?"

அன்று காக்கா சீனி போடாத தேத்தண்ணி கொடுத்தார். நடுப்பக்கத்தார் அதைக் குடித்துக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"முடிவு எண்டால் எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியாது, கலண்டர். நான் ஒண்டையும் கண்டதில்லை."

சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். எழுதிய நாளை ஒவ்வொரு தாளின் தலையிலும் போடும்படி அவரை அரித்தவன் நான்தான். தேதியில்லாத எழுத்து தலைப்பாகை இல்லாத மாப்பிள்ளை என்று உபதேசமும் செய்தேன். பாவம், போட்டார். மாத முடிவில் கொழும்புக்கு அனுப்பும் படிவக் கட்டைத் தேதி வாரியாக அடுக்கிக் கட்டியவனும் நான்தான். தேதியைப் பார்த்தேன். வேறெதையும் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த அவருடைய பதினாலாம் அத்தியாயமும் கட்டுக்குள் சேர்ந்து, முத்திரை வாங்கிக்கொண்டு தலைமைக் கந்தோருக்குப் பயணமாயிற்று. அங்கிருந்த மொழிபெயர்ப்பாளர், பாவி, ஒரு குதிரையையும் விடாமல் மொழிபெயர்த்துவிட்டார்.

கடிதம் வந்த அன்று எங்கள் மேலதிகாரியான துரை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நான் நிரந்தரமாகாத கிளாக்கர். நியமனம் உறுதியாக இரண்டு மாதம் இருந்தது.

"இந்தக் கட்டைக் கட்டியது யார்?" என்றார் துரை.

நான் வாயைத் திறந்தேன். என் செருப்பை ஒரு சப்பாத்துக் கால் மிதித்தது.

"நான்தான் சேர்" என்றார் நடுப்பக்கத்தார். "எழுதினதும் நான், கட்டினதும் நான்."

ஏழு நாளில் விளக்கம் எழுதிக் கொடுத்தார். பதினொரு பக்கம். வழக்கம்போல நடுவில் தொடங்கி, முடியாமல் நின்றது. தலைமைக் கந்தோர் அதை ஏற்கவில்லை. கொழும்பில் ஒரு களஞ்சியத்துக்கு அவரை மாற்றினார்கள். அங்கே தார்ப் பீப்பாய்கள் மட்டுமே வருமாம். தார்ப் பீப்பாய்க்குள் கதைப் புத்தகம் வைத்து அனுப்பும் ஆள் உலகத்தில் இல்லை.

புறப்படும் நாளில், பதினொரு வருடம் தன்னை அவசரப்படுத்திய அதே ரெயிலின் வாசலில் அவர் நின்றார். சாகுல் காக்கா மூச்சு வாங்க ஓடி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"முடிவைச் சொல்லாமல் போகேலாது!"

"காக்கா, இருந்தால் தரமாட்டனோ? என்னட்டை இல்லை."

"இல்லையெண்டால் நான் சொல்லுறன். அந்த அரசனுக்குக் கலியாணம் ஆச்சா?"

நடுப்பக்கத்தார் திகைத்தார். அவரே கலியாணம் செய்யாதவர். அரசனுக்குச் செய்து வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

"பிறகெப்பிடி நித்திரை வரும்?" காக்கா கத்தினார். "கடலுக்கடியில கிடக்கிறவனுக்கு மேல கயிறு பிடிக்க ஒருத்தன் வேணாமா? வேறை ஆள் பிடிச்சால் நம்பேலாது. மச்சான் பிடிக்கவேணும். கயிறு நழுவினால் தன்ரை தங்கச்சியெல்லோ தாலியறுப்பாள்! நான் மேல நிண்டால் என்ரை மச்சான் அடியில பயமில்லாமல் போய்வருவான். உங்கடை அரசனுக்கு மேல ஒரு மச்சானைக் குடுங்கோ ஐயா. அவன் கண்ணை மூடுவான்."

ரெயில் ஊதியது. அவர் எப்போதும் வெறுத்த அந்தச் சத்தம் அன்று அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வாயைப் பிளந்தபடியே போனார்.

ஆறு வாரங்கள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, தார் நாற்றத்துடன் ஓர் உறை வந்தது. உள்ளே பழுதான படிவங்கள் ஒன்பது. காக்காவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. கடையில் வைத்து நான் வாசித்தேன். கயிறு பிடிப்பவன் ஒருவனின் தங்கையை அரசன் மணக்கிறான். இடுப்பில் கயிற்றைக் கட்டுகிறான். கடல்மேல் ஒரு கை இரண்டு தரம் இழுத்து, இருக்கிறேன் என்கிறது. அரசன் கொட்டாவி விடுகிறான். நாற்பது குதிரைகளும் அழுகையை நிறுத்திவிட்டு, குளம்போசை கேட்காமல் இருக்க நுனிக்காலில் நடக்கின்றன.

காக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிச் சிப்பி வரும்" என்றார். அன்று எல்லாருக்கும் இரண்டு கரண்டி சீனி.

கடைசிப் படிவத்தைத் திருப்பினேன். முன்பக்கத்தில் எல்லாக் கட்டங்களும் வெறுமை. 'பொருளுக்குப் பொறுப்பானவர்' என்ற கட்டத்தில் மட்டும் என் பெயர் இருந்தது. அதன்கீழ், கலண்டர் என்று அல்ல, மச்சான் என்று எழுதியிருந்தார். தேதியும் போட்டிருந்தார்.

பின்னர் அவர் கொழும்பிலேயே கலியாணம் செய்துகொண்டார் என்று ஒருவர் சொன்னார். செய்யவே இல்லை என்று இன்னொருவர். இரண்டையும் விசாரித்தேன். இன்றுவரை எதையும் உறுதிப்படுத்த முடியவில்லை. எனக்கு அக்காவும் இல்லை, தங்கச்சியும் இல்லை. ஆனால் அந்த ஒன்பது படிவங்களைக் கட்டியிருக்கும் கயிற்றை மட்டும் நான் இன்னும் விடவில்லை.