நைலான் நைனாவின் விளக்கெண்ணெய்

இந்த உலகத்தில் விளக்கெண்ணெயை ‘அவர்’ என்று மரியாதையாகக் குறிப்பிட்ட ஒரே மனிதர் எங்கள் நைலான் நைனாதான். திருத்தணிக்கு வெளியே, ஆமணக்கு எண்ணெயிலிருந்து நைலான் தயாரிக்கும் சிறு ஆலையில் அவர் கெமிஸ்ட். நான் அவருடைய உதவியாளன்.

“மத்த நைலானுக்கெல்லாம் பெட்ரோல்தான். அது ஒருநாள் தீந்து பூடும். இவரு காட்ல முளைச்சுகினே இருப்பாரு” என்பார்.

யார் கல்யாணத்துக்குப் போனாலும் அந்த நைலானில் வார்த்த ஒரு பல்சக்கரம்தான் பரிசு. மணமக்கள் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு புகைப்படத்துக்கு நிற்பார்கள். மலைக்கோயிலுக்குப் போனால் படியில் ஒன்றை உருட்டிவிட்டு, கீழே இறங்கிப் போய்க் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சாமிக்குத் தரிசனம் கொடுப்பார்.

ஒருமுறை, தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாக் கட்டையை அடித்து ஓடவிடும் ‘பிக்கர்’ என்ற துண்டை அந்த நைலானில் வார்த்தார். பொதட்டூர்பேட்டை முனிரத்தினத்தின் விசைத்தறியில் சோதனை. அது தாங்காவிட்டால் நைனாவின் பிரிவையே மூடிவிடுவதாகச் சொல்லி முதலாளியும் கூடவே வந்தார்.

பத்தே நிமிடம். பிக்கர் உடைந்தது. நாடா பறந்துபோய்ச் சுவர்க் கடிகாரத்தை நிறுத்தியது.

முனிரத்தினம் தறியை அணைத்தார். “நைனா, விளக்கெண்ணெய் வேலைய காட்டிடுச்சுங்க.”

நைனா துண்டுகளைப் பொறுக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நைலான் குருணையை நன்றாக உலர்த்தாமல் வார்த்தால் இப்படித்தான் நொறுங்கும். அத்தை மகள் நிச்சயதார்த்தத்துக்கு ஓடும் அவசரத்தில் உலர்த்தும் அடுப்பைப் பாதியில் அணைத்தவன் நான்.

“என்னய்யா ஆச்சு?” என்றார் முதலாளி.

“ஈரத்தோட வார்த்துட்டேங்க. தப்பு என்னுது. இன்னொரு தபா குடுங்க” என்றார் நைனா.

திரும்பும் பஸ்ஸில் மெதுவாக ஆரம்பித்தேன். “சார், அந்த அடுப்ப...”

“ஆங், தெரியும். அவருக்கு வேர்த்துகினு இருந்துச்சு, நாம தொடைக்காம உட்டுட்டோம். விடு.”

அடுத்த முறை அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு நைனாவே உட்கார்ந்தார். நான் ஸ்விட்ச் பக்கம் போகும்போதெல்லாம் லேசாக இருமினார். அந்தப் பிக்கர் மாதக்கணக்கில் ஓடியது. முனிரத்தினம் மற்ற தறிகளுக்கும் அதையே கேட்டு வாங்கினார்.

நைனா இப்போது ஓய்வு பெற்று நெல்லூரில் மகள் வீட்டில் இருக்கிறார். ஞாயிறுதோறும் காலையில் போன் செய்து ஒரு மணி நேரம் ஆமணக்கு பற்றிப் பேசுவார். புதிதாக ஒன்றும் இருக்காது. போன ஞாயிறு போன் வரவில்லை. பதினோரு மணி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, நானே போட்டேன்.