பத்தடி வேலியும் ஏழு குடம் சாணிப்பாலும்

திருத்துறைப்பூண்டி தாலுகா,
1970 ஐப்பசி 4.

தாராசுரம் அத்தான் நாகநாதன் அவர்கள் சமுகத்துக்கு மைத்துனன் உலகநாதன் எழுதும் வணக்கம். ராஜ்யமே வணக்கத்துக்கு மாறிவிட்டதால் நமஸ்காரத்தை விட்டுவிட்டேன், கோபிக்க வேண்டாம். அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதவும். இங்கு நான் தவிர மற்ற எல்லோரும் சௌக்கியம்.

விஷயம் இதுதான். கூலிச் சண்டை, நிலத்தில் கொடி நடுவது என்று சுற்றுவட்டாரத்தில் பேச்சுக் கிளம்பியதும் எங்கள் ஊர் மிராசுதார்கள் பத்துப் பேர் கூடிக் களப் பாதுகாப்புக் கமிட்டி என்று ஒன்றை ஆரம்பித்து, என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக என்னைக் காரியதரிசி ஆக்கினார்கள். என் நெற்களத்துக்குத்தான் முதல் வாசல். மூங்கில் படல், பெரிய பூட்டு, நாற்காலி போட்டு விசிலோடு காவலாள் காயாரோகணம். ஆனால் வேலிக்கு முள் போதாமல் வாசலுக்கு இருபுறமும் பத்தடியோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் வெட்டவெளி. ஆடுகள் சுற்றிக்கொண்டு வந்து நெல் தின்ன, காயாரோகணம் உட்கார்ந்தபடியே விசில் ஊதுவான். ஆனாலும் அந்தப் பூட்டைப் பார்த்த பிறகுதான் ஊருக்கே தூக்கம் வந்தது அத்தான். என் சம்சாரம் மங்களாம்பிகைகூட, "இப்பத்தாங்க மனசுக்குத் தெம்பா இருக்கு" என்றாள்.

களத்துக்கு வருகிற ஆட்களுக்கு அடையாளமாகத் தகர வில்லை ஒன்று, அதைக் காட்டினால்தான் உள்ளே விடுவது, போகும்போது மடியை உதறிக் காட்ட வேண்டும். இந்த விதியை எழுதியவன் நான். என் களத்துக்கு இருபது வருஷமாகக் காவல் இருக்கும் அய்யாக்கண்ணுவைத் தங்களுக்குத் தெரியும். பொழுது சாய்கையில் நெற்குவியலைச் சுற்றிச் சாணிப்பாலால் விரல் தடிமனுக்கு ஒரு கோடு போடுவான். எவன் கை வைத்தாலும் கோடு கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒரு நாள் கலைந்ததில்லை. அவனைப் பார்த்து, "மடிய உதறு" என்றான் காயாரோகணம். நான் பக்கத்திலேயே நின்றேன். "அவனை விடுப்பா" என்று வாய் வரைக்கும் வந்தது. காரியதரிசியே விதியை மீறலாமா என்று விழுங்கிவிட்டேன், பாவி. உதறினான். ஒரு வெற்றிலைக் காம்பு விழுந்தது. "நீங்களும் பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறீங்க, இல்லீங்களா?" என்று கேட்டு, வில்லையை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் அந்தச் சாணிக் குறி போட ஆளில்லை. நானே போட்டேன். ஒரு கோடெல்லாம் கமிட்டிக்குப் போதாது, ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரிய வேண்டும் என்று ஏழு குடம் சாணிப்பால் கரைத்துக் குவியலையே குளிப்பாட்டி, வைக்கோல் போட்டு மூடிவிட்டேன். குறுவை நெல், அதிலும் புது ஆடுதுறை ரகம், ஈரம் பட்டால் சும்மா இருக்குமா? நாலாம் நாள் வியாபாரி வந்து வைக்கோலை விலக்கினால் மேல்நெல் அத்தனையும் முளைவிட்டுக் கிடக்கிறது. கமிட்டி வந்து பார்த்தது. ஒரு மணிகூடத் திருட்டுப் போகவில்லை என்று என்னைப் பாராட்டித் தீர்மானம் போட்டது. "திருடன் வந்திருந்தாக்கூடப் பாதிய விட்டுட்டுப் போயிருப்பான்" என்கிறாள் மங்களாம்பிகை.

நெல் போனால் போகிறது, சம்பா இருக்கிறது. அந்த மனுஷன் என்னைப் பார்த்த பார்வைதான் சோற்றை உள்ளே இறங்க விடமாட்டேன் என்கிறது. அவன் வீட்டுக்கே போனேன். "நான் ஒண்ணும் நெனச்சுக்கலீங்க" என்கிறான், முகத்தை மட்டும் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு. தங்கள் வார்த்தைக்கு அவனிடம் மதிப்பு உண்டு. ஒரு நடை வந்து சொல்லிக் கூட்டிவர வேண்டும். நாளைக்கே கமிட்டியை விட்டு விலகி, படலைப் பிடுங்கி அடுப்பில் வைக்கிறேன், சத்தியம்.

அக்காவுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. அம்பாள் எல்லோரையும் காக்கட்டும், கமிட்டி இல்லாமல்.

இப்படிக்கு,
உலகநாதன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது காயாரோகணம் வந்து பெருமையாகச் சொல்கிறான். நேற்றுச் சாயங்காலம் அய்யாக்கண்ணு தானாகவே வந்தானாம், மிச்ச நெல்லுக்குக் குறி போட வேண்டுமென்று, கையில் சாணிப்பால் சட்டியோடு. வில்லை இல்லாததால் உள்ளே விடவில்லையாம். அது என் சட்டைப்பையில் இருக்கிறது. பத்தடி சுற்றினால் உள்ளே வந்திருக்கலாம், ஆடுகள் அப்படித்தான் வருகின்றன. அவன் வாசலில் நின்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறான். தாங்கள் புறப்பட வேண்டாம் அத்தான், இனி யார் கூப்பிட்டாலும் வரமாட்டான்.