ஒன்றரை அங்குலம் குட்டையான துவக்கு

அந்தச் சனிக்கிழமை காலை, கனடாவில் பிக்கரிங்குக்கு வடக்கே வயல்களின் நடுவில் இருக்கும் சுடும் கழகத்தில் கூடியிருந்தவர்கள்: அமிர்தநாதர், அவர் மனைவி அன்ரனெற், கார் ஓட்டி வந்த மகள் நிரோஷினி, பக்கத்து வீட்டுக் கிறிஸ்துநாயகம், கழகத்து வெள்ளைக்காரர் பதினேழு பேர். பரிசாக வைத்திருந்த உறைந்த வான்கோழி ஒன்று. வான்கோழியையும் சேர்த்தால் இருபத்திரண்டு. தன்னைத் தவிர, அங்கே அமிர்தநாதர் சந்தேகப்படாத சீவன் அந்த வான்கோழி மட்டுந்தான்.

சந்தேகம் சும்மா வரவில்லை. ஏப்ரலில் முளைத்தது.

அமிர்தநாதருக்கு அறுபத்தேழு வயது. கல்யாணமாகி முப்பத்தொன்பது வருடம். டோர்செட் பார்க்கில் இருந்த வீட்டில் அவருக்கென்று ஒரு பொருள் கிடையாது. உட்காரும் கதிரை அன்ரனெற் தெரிந்தெடுத்தது. சேட்டு அன்ரனெற் எடுத்தது. அவர் தலைமயிர் வெட்டுகிற கடைகூட அன்ரனெற் சொன்னது. சாகமுன் ஒரு பொருளையாவது தன் எண்ணப்படி வாங்கி, தன் எண்ணப்படி திருத்தி வைத்திருக்கவேண்டும் என்று சபதம் எடுத்தார். கழகத்தில் அங்கத்தவரான கிறிஸ்துநாயகம் காட்டிய துவக்கொன்றில் அவர் மனம் விழுந்தது. பழையமாதிரி, தோளில் முட்டுகிற வால்நட் மரப் பிடங்கு. சின்ன ரவை. விசையை ஒருதரம் அழுத்தினால் ஒரு வெடி. வெற்றுக் கோது வலப்பக்கம் துள்ளி விழ, அடுத்த ரவை தானே ஏறிக்கொள்ளும்.

வீட்டில் சொல்ல ஒரு கிழமை ஒத்திகை பார்த்தார்.

"இஞ்சேர், நான் ஒரு துவக்கு வாங்கப் போறன்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அன்ரனெற் நிமிரவில்லை. "ஊரில துவக்கைக் கண்டு ஓடி வந்த மனிசன், இஞ்ச துவக்கைத் தேடி ஓடுறார். சரி, வாங்குங்கோ."

"சரியோ?"

"ஓம், சரி."

"கோவமில்லையோ?"

"என்னத்துக்குக் கோவம்? கீரைக்குத் தேங்காய்ப்பால் விடவோ, வேண்டாமோ?"

சண்டைக்கென்று அடுக்கி வைத்திருந்த காரணங்கள் பதினாறும் வீணாய்ப் போயின. முப்பத்தொன்பது வருடத்தில் அன்ரனெற் முதல் கேள்விக்கே 'சரி' சொன்னது அன்றைக்குத்தான். அமிர்தநாதருக்குக் கீரை இறங்கவில்லை.

அனுமதிப்பத்திரம் எடுக்கப் பாதுகாப்பு வகுப்புக்குப் போகவேண்டும். அமிர்தநாதரின் இங்கிலீசு பாதி வழியில் இறங்கிவிடும் பேர்வழி. சொல்லிக்கொடுக்க அன்ரனெற்றும் வந்தாள். வேடிக்கை பார்க்க ஆளை உள்ளே விடமாட்டார்கள் என்று அவளும் காசு கட்டி உட்கார்ந்தாள். கடைசியில் எல்லாரும் சோதனை எழுத, அவளும் எழுதினாள்.

"நீ ஏன் எழுதுறாய்?"

"சும்மா இருந்தா நித்திரை வருது."

சில கிழமை கழித்து அரசாங்கத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். மனைவியால் ஏதும் பயம் உண்டா என்று அமிர்தநாதரைக் கேட்டாள். துவக்குக்காரனிடம் இதையெல்லாம் கேட்பார்களாக்கும் என்று அவர் நினைத்தார். அன்ரனெற் கத்தியும் வெங்காயமுமாகப் பக்கத்தில் நின்றாள். "நோ ஃபியர்! நோ ஃபியர்!" என்று இரண்டு தரம் சொன்னார். கனடாவுக்கு வந்தபிறகு அவர் அரசாங்கத்துக்குச் சொன்ன ஒரே பொய் அதுதான்.

துவக்கு வந்தது. அமிர்தநாதர் நிலக்கீழ் அறையிலேயே குடியிருந்தார். மரத்துக்கு எண்ணெய் தேய்த்தார். தோல்வார் பூட்டினார். குறிபார்க்கும் துளையை மாற்றினார். தன்னுடைய நீளக் கைக்கு ஏற்றமாதிரி பிடங்கின் அடியில் அரை அங்குலத் தகடுகள் மூன்று வைத்து முறுக்கினார். அளந்தார். பதினாலேகால் அங்குலம். அச்சொட்டு. இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினார். ஒரு திறப்பு அவரிடம். மற்றது அன்ரனெற்றிடம், அவர் துலைத்துவிடுவார் என்பதால்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அன்ரனெற் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, உதை இப்ப வித்தா என்ன வரும்?"

அமிர்தநாதருக்குப் புரை ஏறியது.

அதன்பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. பிடங்கில் கன்னம் வைக்கும் இடத்தில் முகப்பவுடர் மணம். துளையின் திருகு கொஞ்சம் விலகியிருந்தது. ஆரோ வந்து தன் துவக்கை விலை பேசிப் பார்க்கிறார்கள் என்று முடிவுகட்டினார். அலுமாரிக் கைப்பிடியில் கறுப்பு நூல் ஒன்றைச் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டார். செவ்வாய்க்கிழமை அன்ரனெற் செபக்கூட்டத்துக்குப் போய்வந்தபின் பார்த்தார். நூல் அப்படியே இருந்தது. முடிச்சு மூன்று.

வேலியடியில் கிறிஸ்துநாயகத்தை மறித்தார்.

"அமிர்தண்ணை, எனக்கு ஒண்டும் தெரியாது."

"நான் இன்னும் ஒண்டும் கேக்கேல்லையே?"

"கேக்க முன்னம் சொல்லிப்போட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதி."

அடுத்த நாள் துவக்கைத் தோளில் வைத்தார். முழங்கை நண்டின் கால்போல மடங்கியது. பெருவிரல் மூக்கில் இடித்தது. தோள் தடித்துவிட்டதோ என்று முதலில் தன்னையே சந்தேகித்தார். பிறகு அளவுநாடா எடுத்தார். பன்னிரண்டே முக்கால்! ஒன்றரை அங்குலத்தைக் காணோம்.

வான்கோழிப் போட்டிக்குத் துவக்கைக் கொண்டுபோனால் வாங்கவிருக்கிறவன் எவனென்று முகத்தில் தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டார். அதனால்தான் அந்தச் சனிக்கிழமை பதினேழு வெள்ளைக்காரரையும் ஒவ்வொருவராக முறைத்துக்கொண்டு நின்றார்.

கழகத்துப் பொறுப்பாளர் பெயர் கூப்பிட்டார். "அன்ரனெற்!"

அன்ரனெற் கைப்பையிலிருந்து பாதுகாப்புக் கண்ணாடியையும் காதுமூடியையும் எடுத்து மாட்டினாள். பதினேழு பேரும் "ஹாய் ஆனி!" என்று கை காட்டினார்கள்.

"ஆனியோ? எடியே, இவங்களுக்கு உன்னை எப்பிடித் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வாறனான்."

"செபக்கூட்டம்?"

"வழியில காருக்கை செபம் சொல்லுறனாங்கள் தானே," என்றாள் நிரோஷினி. "அப்பா, அம்மா இஸ் ரியலி குட்."

"லைசன்ஸ் இல்லாமல் தொடக்கூடாது, தெரியுமோ?"

"வகுப்பில நானும் தானே எழுதினனான். உங்களுக்கு எண்பத்திரண்டு. எனக்குத் தொண்ணூற்றாறு."

"புருசனைக் கேக்காமல் குடுப்பாங்களோ?"

"போன் எடுத்துக் கேட்டவை. மனிசியில பயமில்லையெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். ரெண்டு தரம்."

கிறிஸ்துநாயகம் வானத்தில் ஏதோ பறவையைத் தேடினார்.

"அப்ப விலை கேட்டது?"

"புதுசா ஒண்டு வாங்கிறதோ, உதையே வெட்டித் திருத்திறதோ எண்டு பாத்தன். பாத்தா உது லேசு, மூண்டு தகட்டையும் கழட்டினாப் போதும். உங்கட களுசான் காலைக் குறைக்கிறமாதிரித்தான்."

"அன்ரனெற், இது என்ர துவக்கு!" அமிர்தநாதரின் குரல் உடைந்தது. "ஒண்டே ஒண்டு. இந்த வீட்டில எனக்கெண்டு இருக்கிறது ஒண்டே ஒண்டு!"

அன்ரனெற் திரும்பிப் பார்த்தாள். முகம் கொஞ்சம் இளகியது.

"இல்லையெண்டு ஆர் சொன்னது? துவக்கு உங்கடதான். சுடுறதுதான் நான்."

"அப்ப நான் சுடுறதில்லையோ?"

"போட்டியில ஒரு துவக்குக்கு ஒரு பேர்தானாம். என்ர பேரைக் குடுத்திட்டன். கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நில்லுங்கோ."

பத்து வெடி. துள்ளிய கோதுகளில் ஒன்று அமிர்தநாதரின் சட்டைக்குள் போய்ச் சுட்டது. அவர் ஆடியதைப் பார்த்து அந்தப் பதினேழு பேரும் மனைவியின் வெற்றிக்காக ஆடுகிறார் என்று நினைத்துக் கைதட்டினார்கள். வெற்றி உண்மைதான். பத்தும் கறுப்பு வட்டத்துக்குள். வான்கோழி அன்ரனெற்றுக்கு.

வான்கோழியைக் குழந்தைபோல இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் கூப்பிட்டாள். "இஞ்சாருங்கோ, நிலத்தில கிடக்கிற கோதுகளைப் பொறுக்கிப்போட்டு வாங்கோ. கழகத்துச் சட்டம்."

"சுட்டது நீ. பொறுக்கிறது நானோ?"

"துவக்கு உங்கட எண்டீங்களே?"

அமிர்தநாதர் முழங்காலில் இறங்கினார். ஐப்பசிப் புல் ஈரம். ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். சட்டைக்குள் போனதையும் உதறி எடுத்தார். எண்ணினார். ஒன்பது.

எழும்பப் பார்த்தார். காரின் கண்ணாடி இறங்கி, நிரோஷினி தலையை நீட்டினாள்.

"பத்து, அப்பா!"

அமிர்தநாதர் மறுபடியும் புல்லுக்குள் குனிந்தார். மிச்சம் ஒன்று.