காரியதரிசி வீட்டு வாசல்

காலனிச் சங்கத்தின் காரியதரிசி வேம்புலி ஒரு தீர்மானம் போட்டார். லேசுப்பட்ட தீர்மானமா அது? கோவில்பதாகைக் காலனியையே ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டது. இனிமேல் தெருவில் வண்டி நிறுத்த சங்கத்தின் பர்மிட் வேண்டும். ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரே பர்மிட். பர்மிட் எடுத்தால் நம்பர் போட்ட தகடு கொடுப்பார்கள், அதை வண்டியில் அடித்துக்கொள்ள வேண்டும். ஒரு வருஷத்துக்கு அதை வேறு வண்டிக்கு மாற்ற முடியாது. தகடில்லாத வண்டியைக் காவலாளி முனியன் சங்கிலி போட்டு இழுத்துப் போய்விடுவான்.

இவ்வளவும் பக்கத்து வீட்டுக் கிறிஸ்துராஜ் ஒருத்தருக்காக. அந்த மனுஷனின் ஸ்கூட்டர் அவர் வாசலில் நிற்கும். அவருடைய ஓட்டை மோட்டார் பைக்கோ வேம்புலி வாசலில் நிற்கும். வேம்புலியோ ஸ்கூட்டருக்குப் பதிவு பண்ணிவிட்டு ஏழு வருஷமாகக் காத்திருந்தவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டி கைக்கு வருகிறது. தன் வாசலில் தன் ஸ்கூட்டர் நிற்க வேண்டும், அதைத் தெருவே பார்த்து வயிறெரிய வேண்டும். வாழ்க்கையில் அவர் கேட்டது அவ்வளவுதான், பாவம்.

கூட்டத்தில் கிறிஸ்துராஜ் விடவில்லை.

“அண்ணாத்தே, என் பைக்ல இஞ்சினே கிடையாதே. அது எப்டி வண்டியாவும்?”

“சக்கரம் உருண்டா வண்டிதான். எழுதிக்குங்க!” என்று மேஜையைத் தட்டினார் காரியதரிசி வேம்புலி. எழுதிக்கொண்டார்கள். பைக் பழைய இரும்புக் கடைக்குப் போனது.

வேம்புலி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பர்மிட் பாரங்களை எடுத்து, ஒவ்வொன்றாக யார் உட்கார்ந்துகொண்டிருப்பது என்று நாற்பது வெற்றுப் பாரத்திலும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டார். தகடுகளோடு பெண்சாதி பஞ்சவர்ணத்திடம் கொடுத்தார்.

“நான் ஷிப்டுல கீறப்போ எவனாவது வந்தா, ரேஷன் கார்டைப் பார்த்துக் குடுத்துடுமே.”

“கார்டுல பேரு இருக்கிற யாருக்கு வோணாலும் குடுக்கலாமாய்யா?”

“தாராளமா.”

“வண்டின்னா இன்னா வண்டி?”

“அதான் தீர்மானத்துல கீதே. சக்கரம் உருண்டா போதும்.”

“நம்ம ஊட்டுக்கு?”

“காரியதரிசிக்கு இன்னாமே அவசரம்? ஸ்கூட்டர் வரட்டும், எழுதிக்கலாம்.”

பஞ்சவர்ணம் வாயைத் திறக்கவில்லை. இங்கேதான் வேம்புலி உஷாராகியிருக்க வேண்டும். ரெண்டு வருஷமாக அவள் ஆப்பக்கடை போடக் கேட்டுக்கொண்டிருந்தாள். “காரியதரிசி பொண்டாட்டி தெருவுல ஆப்பம் சுட்டா என் கௌரவம் இன்னாத்துக்கு ஆவறது?” என்று இவர் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். பேசுகிற பஞ்சவர்ணத்தைச் சமாளித்துவிடலாம். பேசாத பஞ்சவர்ணம் ஆபத்து.

ஞாயிற்றுக்கிழமை காலை. மாலை போட்ட புது ஸ்கூட்டரில், ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார் வேம்புலி. தெருவே கூடியிருந்தது. ஆனால் ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் வாசலில் பச்சைப் பெயிண்டடித்த நாலு சக்கரத் தள்ளுவண்டி. அதில் ஒண்ணாம் நம்பர் தகடு. பின்னால் பஞ்சவர்ணம் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னாமே இது அநியாயம்! யாரு குடுத்தா பர்மிட்டு?”

“நீதான்யா.” பாரத்தை நீட்டினாள். அவருடைய கையெழுத்தேதான், அடியில் சுழித்த கோடு உட்பட.

“இத்த எடு! என் வண்டி நிக்கணும்!”

“எடுத்துடலாம். ஒரு வருஷம் ஆவட்டும்.”

வேம்புலிக்கு அழுகையே வந்துவிட்டது. அங்கேயே அவசரக் கூட்டம் போட்டு, அந்தப் பர்மிட்டை ரத்துப் பண்ணச் சொன்னார். கமிட்டியில் ஏழு பேர். ஏழு பேர் வாயிலும் ஆப்பம்.

“ரூல்ஸ்னா ரூல்ஸ்தான் அண்ணாத்தே,” என்றார் கிறிஸ்துராஜ், தேங்காய்ப்பால் ஒழுக. “தங்கச்சி, எனக்கு இன்னும் ரெண்டு.”

முனியன் சங்கிலியோடு ஸ்கூட்டர் பக்கம் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். “தகடு இல்லையே சார்.”

ஸ்கூட்டரை வீட்டுக்குள் ஏற்றலாமென்றால் வாசற்படி இடம் கொடுக்கவில்லை. ஆவடி ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில்தான் கடைசியில் இடம் கிடைத்தது. அவர் வேலை பார்க்கிற கம்பெனியோ வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில். ஆகவே திங்கட்கிழமை முதல் வேம்புலி தினமும் கம்பெனி கேட்டைத் தாண்டி ஸ்டேஷனுக்கு நடந்து போய், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, வந்த வழியே கம்பெனிக்குத் திரும்புவதென்று முடிவாயிற்று. வாசலில் நிற்காவிட்டால் போகிறது, கேட்டிலாவது நாலு பேர் பார்க்க மாட்டார்களா?

திங்கட்கிழமை விடிந்தது. முறைப்பாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவரைப் பஞ்சவர்ணம் கூப்பிட்டாள். ஒருவேளை மனசு இளகிவிட்டதோ என்று ஆசையோடு திரும்பினார்.

துணி போட்டு மூடிய கூடையை எடுத்து அவர் தலையில் வைத்தாள்.

“ஸ்டேஷன் மாஸ்டர் அம்பது ஆப்பம் கேட்டிருக்காரு. எப்டியும் அந்தப் பக்கந்தானே நடக்கப் போறே.”