கோட்டுப் பையில் வந்த வக்கீல்

மூன்றாவது ‘எலேய்சோன்’ முடிவதற்குள் நாய் கோயிலுக்குள் வந்துவிட்டது.

வந்தது மட்டுமல்ல, மெழுகுவர்த்தித் தட்டைச் சுற்றிக்கொண்டு நேராக, முதல் பாடகர் நிற்கும் வலது மேடைக்குப் போய், பாந்தெலிஸின் காலடியில் உட்கார்ந்து, எந்த ஆட்டை மடக்க வேண்டும் என்று கேட்பதுபோல் நிமிர்ந்து பார்த்தது. அது ஆட்டிடையன் வீட்டு நாய். விசிலுக்குப் பழகியது. பாந்தெலிஸின் வாயில் இப்போது ‘ஸ்’ வருகிற இடத்திலெல்லாம் விசில்தான் வந்துகொண்டிருந்தது.

கிரேக்க ஜெபத்தில் ‘ஸ்’ இல்லாத வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ‘கீரியே எலேய்சோன்’ என்று ஆண்டவரிடம் இரக்கம் கேட்டால் ஒரு விசில். ‘கிறிஸ்தோஸ்’ என்றால் இரண்டு. இடது மேடையில் நின்ற இரண்டாம் பாடகர் கறிக்கடை சரந்திஸ், சிரிப்பை அடக்குவதற்காக இருமுவதுபோல் நடித்தார். நடிப்பு நன்றாக இல்லை.

பூசை முடிந்ததும் பாதிரியார் பாந்தெலிஸை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஈஸ்டர் வருது பாந்தெலிஸ்."

"தெரியும் சாமி."

அந்தச் ‘சாமி’க்கும் நாய் எழுந்து நின்றது.

"புனித வெள்ளிக்கு ஏதென்ஸ்லேர்ந்தெல்லாம் நம்ம ஜனம் வந்து நிக்கும். ஆண்டவரோட பாடையை நான் தூக்கிட்டு வரேன், பின்னாடி இது வாலாட்டிட்டு வருதுன்னா நல்லாவா இருக்கு? அதுக்குள்ள வாயைச் சரி பண்ணிக்கோ. இல்லேன்னா வலது மேடை சரந்திஸுக்குத்தான். என்னைக் குத்தம் சொல்லாதே."

பாந்தெலிஸுக்குத் துறைமுகத்தில் படகுப் பெயின்ட் விற்கும் கடை இருந்தது. ஆனால் தொழில் என்னவென்று யார் கேட்டாலும் ‘பாடகர்’ என்றுதான் சொல்வார். மேடை போய்விட்டால் அவர் வெறும் பெயின்ட் கடைக்காரர்.

இவ்வளவுக்கும் காரணம் டாக்டர் கொஸ்மாஸ். தீவில் இருந்த ஒரே பல் மருத்துவர். ஒரு சொத்தைப் பல்லுக்காகப் போன பாந்தெலிஸின் வாயில் அதைப் பிடுங்கி, அக்கம்பக்கத்தில் சிவனே என்றிருந்த இரண்டு நல்ல பற்களையும் ராவித் தேய்த்து, அவற்றின் மேல் ஒரு செயற்கைப் பல் பாலத்தைக் கோணலாக உட்கார வைத்துவிட்டார்.

டாக்டருக்குக் கண் மங்கி, கை நடுங்க ஆரம்பித்து நாளாகியிருந்தது. ஓய்வு பெறவும் பார்த்தார். முதல் தடவை மேயர் ஆட்டுக்குட்டியோடு வந்து கெஞ்சினார். அடுத்த தடவை கதவில் ஒட்டிய ‘மூடப்பட்டது’ அட்டையை யாரோ கிழித்துக் கடலில் போட்டார்கள். அதற்கும் அடுத்த தடவை பேண்டு வாத்தியத்தோடு வந்து, அவரை வீட்டிலிருந்து கிளினிக்குக்கு ஊர்வலமாகவே அழைத்துப் போனார்கள். எல்லாம் அன்பு என்றது ஊர். ஊரில் பாதிப் பேருக்குப் பல் வேலை பாதியில் நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

தவிர, மனிதர் அவ்வளவு மரியாதையானவர். வேலை முடிந்ததும் நோயாளியின் கோட்டைத் தானே எடுத்து, பின்னால் நின்று மாட்டிவிட்டு, தோளைத் தட்டி, வாசல் வரை வந்து வழியனுப்புவார். அதற்காகவே மறுபடி போய் வாயைத் திறந்தவர்கள் உண்டு.

பாந்தெலிஸும் மறுபடி போனார்.

"டாக்டர், விசில் அடிக்குது."

"கேக்குது."

"சரி பண்ண முடியுமா?"

டாக்டர் தன் கையைப் பார்த்தார். பிறகு பாந்தெலிஸைப் பார்த்தார்.

"நீ கேட்டா பண்ணித்தான் ஆகணும். ஆனா நான் உன் இடத்துல இருந்தா என்கிட்ட வரமாட்டேன்."

என்ன அடக்கம் என்று பாந்தெலிஸ் உருகிப்போனார். டாக்டர் அரத்தால் கொஞ்சம் ராவினார். ஒரே ஸ்வரத்தில் இருந்த விசில் இரட்டை ஸ்வரமாகியது. டாக்டர் கோட்டை மாட்டிவிட்டார்.

வீட்டில் மனைவி ஆர்கிரோ வைத்தியத்தில் இறங்கினாள்.

"ஓட்டை இருந்தா அடைக்க வேண்டியதுதானே? படகை நீ எப்படி அடைக்கறே?" என்று, கோயில் மெழுகுவர்த்தி ஒன்றை உருக்கி, பாலத்தின் இடுக்கில் வைத்து அப்பினாள்.

விசில் நின்றது. அந்த வெள்ளிக்கிழமை மாதாவின் துதியைப் பாந்தெலிஸ் அற்புதமாக ஆரம்பித்தார். கூட்டமும் தூபக்காலும் சேர்ந்து சூடு ஏற ஏற மெழுகு இளகியது. ஒரு நீண்ட ஸ்வரத்தை முடித்து வாயை மூடினார். அவ்வளவுதான், திறக்க வரவில்லை. மேலும் கீழும் ஒட்டிக்கொண்டது. தொண்டையைக்கூடச் செருமிக்கொள்ளாமல் சரந்திஸ் அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் இருந்த பக்தியைப் பாந்தெலிஸால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள், பல் நோவுக்கென்றே இருக்கிற புனித அந்திபாஸின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். டாக்டரிடமும் புனிதர்களிடமும் போகும்போது மட்டும் போடுகிற நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். மெழுகுவர்த்திக்குச் சில்லறை எடுக்கப் பையில் கைவிட்டால், ஒரு கார்டு வந்தது.

‘பல் சிகிச்சையில் பாதிக்கப்பட்டோருக்குச் சட்ட உதவி. வழக்கறிஞர் அலுவலகம், பிரேயஸ் துறைமுகம்.’

பாந்தெலிஸுக்கு உடம்பு சிலிர்த்தது. படத்தில் புனிதர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புனிதர் போட்டாராம்!" என்றாள் ஆர்கிரோ. "ஏய்யா, புனிதருக்கு வேற வேலையில்லையா? சரி, வக்கீல்னா பிரேயஸ் வரைக்கும் எதுக்குக் கப்பல் ஏறணும்? தெரு முனையில மெல்ப்போ இல்லையா?"

வக்கீல் மெல்ப்போ அவர் கதை முழுவதையும் கேட்டாள். கேட்கும்போதும் பேசும்போதும் உள்ளங்கையால் வாயை மூடியிருந்தாள்.

"இது தெளிவான கேஸு. நல்ல பல்லைத் தேச்சது ஒண்ணு, பாலம் கோணினது ஒண்ணு. சின்னப் பிள்ளை வாதாடினாக்கூட ஜெயிக்கும்."

"அப்ப நீங்க போடுங்க வக்கீலம்மா."

"நானா?" கையை எடுத்தாள். முன்பற்கள் இருக்க வேண்டிய இடத்தில் எதுவோ சுண்ணாம்புக்கட்டி மாதிரி ஒட்டியிருந்தது. "அடுத்த மாசம்தான் எனக்கு ரெண்டு பல்லும் வருது. அவர் மேல நோட்டீஸ் அனுப்பிட்டு, அவர் நாற்காலியிலேயே போய் வாயைத் திறந்துட்டுப் படுக்கச் சொல்றியா?"

பாந்தெலிஸ் கார்டைக் காட்டினார்.

"இதுவா? என் கோட்டுலயும் ஒண்ணு கெடந்துது. பிரேயஸ்காரங்களுக்கு வெக்கமே கெடையாது, கப்பல்ல கோட்டு மாட்டற இடத்துல போட்டு வெச்சிடறாங்க. கிழிச்சுப் போடு."

கப்பல் ஏறியே வருடக்கணக்காகிறது பாந்தெலிஸுக்கு. ஆகவே புனிதர்தான் என்பது உறுதியாயிற்று.

அவர் வீடு திரும்புவதற்குள் செய்தி அவருக்கு முன்னால் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. பேக்கரியில் மெதுரொட்டி தீர்ந்துபோயிருந்தது. அலமாரி நிறைய இருந்தது, ஆனாலும் தீர்ந்துபோயிருந்தது.

"வறட்டு ரொட்டி இருக்கு, வேணுமா?" என்றார் பேக்கரிக்காரர். "கடிச்சுப் பாரு. பல்லோட அருமை தெரியும்."

சாயங்காலம் மேயர் தலைமையில் ஒரு கூட்டமே வந்தது.

"கேஸ் போட வேண்டாம்னு நாங்க சொல்லலே," என்றார் மேயர். "எனக்கு மேல் செட் வர்ற வரைக்கும் பொறு, அவ்வளவுதான்."

"எனக்குக் கடைவாய்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"எனக்கு நாலு பல்லுய்யா, நாலு!"

"எல்லாருக்கும் முடியறதுக்குள்ள எனக்கு ஒரு பல்லும் மிஞ்சாதே!" என்றார் பாந்தெலிஸ். அதில் எத்தனை விசில் என்று அவர் எண்ணவில்லை. வெளியே நாய் எண்ணியது.

ஊரிலேயே அவர் பக்கம் நின்றது ஒரே ஒருவர். "போடு கேஸு!" என்று சரந்திஸ் கட்டிப்பிடித்துக்கொண்டார். "கோர்ட்டு, கப்பல்னு நீ அலைய வேண்டியிருக்கும். கவலைப்படாதே, மேடையை நான் பாத்துக்கறேன்."

அதைக் கேட்டபோதுதான் பாந்தெலிஸ் நிஜமாகவே பயந்தார். மறுநாளே கப்பல் ஏறினார்.

பிரேயஸ் வக்கீல் கெட்டிக்காரி. அவரைப் பேசவிட்டே வாயைப் புரிந்துகொண்டாள்.

"ஈஸ்டருக்குள்ள உங்க வாயைச் சரி பண்ணிக்கொடுக்க வெக்கறேன். ஆனா நிபுணர் பாக்கற வரைக்கும் வாயில யாரும் கை வெக்கக்கூடாது."

"கொஞ்சம் மெழுகு மட்டும்?"

"மெழுகும் கூடாது. உங்க விசில்தான் நமக்குச் சாட்சி. சாட்சியைக் கலைக்காதீங்க."

"சாட்சி ரொம்பப் பேசுதே அம்மா," என்றார் பாந்தெலிஸ் பரிதாபமாக. வெளி மேசையிலிருந்த காரியதரிசி நித்ஸா வாயைப் பொத்திக்கொண்டாள். தீவுக்காரர் என்றதும் அவள் அவரை ஒரு மாதிரி ஆவலாகப் பார்த்ததை அவர் கவனித்தார். பாவம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஆகக் குருத்தோலை ஞாயிறன்று சாட்சியைப் பத்திரமாக வாயில் வைத்துக்கொண்டு அவர் பாட வேண்டியதாயிற்று. இந்த முறை நாய் காலடியில் வந்து உட்காரவில்லை. அதற்கு வேலை பிடிபட்டுவிட்டது. ஒவ்வொரு விசிலுக்கும் ஓலை பிடித்துக்கொண்டிருந்த குழந்தைகளைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி, ஒருவர் விடாமல் ஞானஸ்நானத் தொட்டி ஓரமாக மடக்கி, முன்னால் படுத்துக் காவல் காத்தது. குழந்தைகள் அன்றுபோல் என்றும் பூசையில் ஒழுங்காக நின்றதில்லை. பாதிரியார் மட்டும் சரந்திஸைப் பார்த்துத் தலையசைத்தார். சரந்திஸும் தலையசைத்தார். பாந்தெலிஸ் அதைப் பார்த்துவிட்டார்.

இதற்கிடையில் எதிர்பாராத ஒன்று நடந்திருந்தது. டாக்டர் கொஸ்மாஸ் சண்டையே போடவில்லை. வக்கீல் கேட்ட எக்ஸ்ரே, குறிப்புகள், பல்லின் மாவு அச்சு எல்லாம் அடுத்த கப்பலிலேயே போய்ச் சேர்ந்தன. கேட்காத ஒன்றும் கூடவே போயிற்று: ‘தவறு முழுக்க என்னுடையது’ என்று அவர் கைப்பட எழுதிக் கொடுத்த வாக்குமூலம். இன்ஷூரன்ஸ்காரர்கள் ‘இதில் டாக்டர் தப்பு என்ன’ என்று இழுத்தபோது, அவரே போன் செய்து அவர்களோடு ஒரு மணி நேரம் கத்தினாராம்.

"இவ்வளவு சுலபமா ஒத்துக்கறார்னா இதுல ஏதோ சூது இருக்கு," என்றாள் ஆர்கிரோ. பாந்தெலிஸுக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் சூது கடைசிவரை வெளியே வரவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத் திங்களன்று நிபுணர் பார்த்தார். சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸ் ஒப்புக்கொண்டது. இனி யார் வாயையும் தொடுவதில்லை என்று கொஸ்மாஸ் கையெழுத்துப் போட்டார். பிரேயஸில் ஓர் இளம் பல் மருத்துவர் கோணல் பாலத்தைக் கழற்றி, இப்போதைக்கு ஒரு தற்காலிகப் பாலத்தை வைத்தார். தற்காலிகம்தான், ஆனால் பல் மாதிரி உட்கார்ந்தது. நாற்காலியிலேயே ‘எலேய்சோன்’ பாடிப் பார்த்தார். காற்றுகூட வரவில்லை.

புனித வெள்ளிச் சாயங்காலம் தீவே கையில் மெழுகுவர்த்தியோடு திரண்டு நின்றது. பாந்தெலிஸ் வலது மேடையில் ஏறினார். சரந்திஸ் தயாராக மூச்சை இழுத்து வைத்திருந்தார். வாசலில் நாய் காதை நிமிர்த்தி வைத்திருந்தது.

பாந்தெலிஸ் பாடினார். முதல் ‘ஸ்’ வந்தது, போயிற்று. அடுத்ததும் போயிற்று. நாய் தலையைச் சாய்த்துப் பார்த்தது, காத்திருந்தது, கடைசியில் முகத்தைக் காலில் வைத்துப் படுத்துக்கொண்டது. சரந்திஸ் மூச்சை விட்டார். பாந்தெலிஸுக்குக் கண் நிறைந்து வரிகள் மங்கின. எல்லாம் மனப்பாடம், ஆகவே பாதகமில்லை. வாரக்கணக்காக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது. அவர் பாடகர்தான்.

ஈஸ்டருக்குப் பிறகு அக்கரையிலிருந்து இளம் பல் மருத்துவர் ஒருத்தி வாரா வாரம் தீவுக்கு வர ஆரம்பித்தாள். பாதியில் நின்ற பற்களெல்லாம் ஒவ்வொன்றாக முடிந்தன. மெல்ப்போ கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். ஆனாலும் ஊர் பாந்தெலிஸோடு பேசவில்லை. புதுப் பற்களைக் காட்டிக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது கொஸ்மாஸ்தான். தினமும் வைக்கோல் தொப்பியோடு துறைமுகச் சுவரில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பார். பாந்தெலிஸைக் கண்டால் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றி, முகமெல்லாம் சிரிப்பாகக் கையசைப்பார். ஒரு நாள் ஓடிவந்து கையில் இரண்டு மீனைத் திணித்துவிட்டுப் போனார்.

"பாரு ஆர்கிரோ, எப்படி மன்னிக்கறார் பாரு," என்றார் பாந்தெலிஸ். மீன் அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. "ஒரு நல்ல மனுஷனை வேலையை விட்டுத் துரத்திட்டேனே."

மனம் கேட்காமல் பிரேயஸுக்குப் போன் செய்தார். நித்ஸா எடுத்தாள்.

"கிறிஸ்து உயிர்த்தார்!" என்று ஈஸ்டர் கால வணக்கம் சொன்னார் பாந்தெலிஸ்.

"உண்மையாவே உயிர்த்தார்! அட, விசிலே கேக்கலியே! சந்தோஷமா?"

"சந்தோஷம்தாம்மா. உங்களுக்கெல்லாம் கோடி புண்ணியம். ஆனா டாக்டரைப் பாத்தாத்தான் மனசு அறுக்குது. நான் என்ன பண்றது சொல்லு, புனித அந்திபாஸே உங்க கார்டை என் கோட்டுப் பையில போட்டுட்டாரே."

அந்தப் பக்கம் நித்ஸா சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

"அந்திபாஸாவது ஒண்ணாவது! உங்க டாக்டர்தான் வருஷா வருஷம் இங்க வந்து கத்தை கத்தையா கார்டு வாங்கிட்டுப் போவாரு, ‘ஊர்ல ஒருத்தர் கோட்டு பாக்கியில்லேம்மா, எவனாவது ஒருத்தன் கேஸ் போட்டு என்னை வீட்டுக்கு அனுப்ப மாட்டேங்கறானே’ன்னு புலம்பிக்கிட்டு!"