லொக்கண்ணை பால் காய்ச்சிய கம்ப்யூட்டர்

இலண்டன் மாநகரத்தில், ஒரு தடவைகூட இருமாமல் ஆறு கிழமை இருமல் மருந்து குடித்த ஒரே மனிதர் லொக்கண்ணைதான். மருந்து கொடுத்தவன் நான்.

குரோய்டனில் ஒரு பெரிய அலுவலகத்தில் எனக்குக் கிளீனிங் வேலை. மூன்றாம் மாடியில், கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்த ஒரு குளிர் அறை. அதற்குள் கம்பளித் தொப்பியும் மஃப்ளருமாக ஒரு யாழ்ப்பாணத்து மனிதர் இருப்பார். குப்பைக்கூடையை எடுக்கப் போன முதல் நாள், "அண்ணைக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்டுவிட்டேன். ஒரு கேள்வி கேட்பதற்கு ஒரு கிழமை ஒத்திகை பார்க்கிறவன் நான்.

"எனக்கு நாள் முழுக்க லொக்குத்தான் தம்பி," என்றார்.

பாவம் என்று நினைத்தேன். இந்தக் குளிருக்குள் இருந்தால் யாருக்குத்தான் லொக்கு லொக்கென்று இருமல் வராது? அடுத்த நாளே இருமலுக்கென்று மல்லியும் வேர்க்கொம்பும் அவித்து ஃபிளாஸ்கில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றும் கேட்காமல் வாங்கிக் குடித்தார். ஒன்றரை மாதம் கழித்துத்தான், "நல்லாய்த்தான் இருக்கு தம்பி. ஆனா இது என்னத்துக்கு?" என்றார்.

சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் உண்மையாகவே இருமல் வந்துவிட்டது.

பிறகு எனக்கு விளங்கப்படுத்தினார். "ஒவ்வொரு மெசினும் டயறி எழுதும். ஆர் வந்தது, ஆர் போனது, ஆர் பாஸ்வேர்டைப் பிழையா அடிச்சது, எல்லாம். அதுக்கு இங்கிலீசில பேர்தான் லொக். கட்டடம் முழுக்க எழுதுறதை ஒரு இடத்தில சேர்த்து வைச்சுப் பார்க்கிறது என்ர வேலை."

அன்றிலிருந்து அவர் லொக்கண்ணை. மற்றவர்கள் காலையில் பேப்பர் வாசிப்பதுபோல் அவர் லொக் வாசிப்பார். "இரண்டாம் மாடிப் பிரிண்டர் நேற்று முழுக்கப் புறுபுறுத்திருக்கு." "டைரக்டர் பாஸ்வேர்டை ஒன்பது தரம் பிழையா அடிச்சிருக்கிறார். இண்டைக்கு அவருக்குக் கிட்டப் போகாதேங்கோ." போன ஆள் ஒருவர் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்ததை நான் கண்டேன்.

இந்த டயறிகள் எல்லாம் கிடந்த பழைய சேர்வர் ஒருநாள் முனகத் தொடங்கியது. புதியது ஒன்று வந்து இறங்கியது. அவருடைய மனேஜர் நித்யா, சென்னைப் பெண். "சார், கடைசி ரெண்டு வருஷத்தை மட்டும் மாத்தினா போதும். திங்கக்கிழமை காலைல லாரி வந்து பழைய மெஷினை எடுத்துட்டுப் போயிடும்," என்றார்.

"ஏலாது பிள்ளை. வீடு மாறேக்க பழைய ஆக்களை விட்டிட்டு வாறதோ?"

"ஆளுங்க இல்ல சார். ஃபைலு."

"ஃபைலுக்குள்ள ஆர் இருக்கினம்?"

நித்யா நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

அதே கிழமை எனக்கும் ஒரு இடி. எங்கள் கிளீனிங் வேலையைப் புதுக் கொம்பனி ஒன்று எடுத்திருந்தது. ஐந்து பேரில் ஒருவரை நிறுத்தப் போகிறார்கள். குறைந்த காலம் வேலை செய்தவர்தான் அந்த ஆள். அவர்களுடைய தாளில் எனக்கு இரண்டு வருசம் என்று இருந்தது. நான் வந்து பதினொரு வருசம். பழைய கொம்பனியை மூடிவிட்டார்கள்; என் பதிவைக் கேட்க அங்கே ஆளில்லை. சுப்பர்வைசருக்கு முன்னால் தலையாட்டிவிட்டு வந்தேன். மொப்பைப் பிழிந்துகொண்டே லொக்கண்ணையிடம் மட்டும் சொன்னேன்.

அவர் மஃப்ளரைக் கழற்றினார். அவர் கழுத்தை அன்றுதான் முதன்முதல் கண்டேன்.

"கார்ட் தட்டித்தானே உள்ள வாறனீங்கள்?"

"ஓம் அண்ணை."

"அப்ப கதவு எழுதியிருக்கும். ஆனா பழைய மெசினில தேடினா அது படுத்திடும். புதுசில கொண்டுபோய் வைச்சுத்தான் தேட ஏலும். வாருங்கோ."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நித்யாவின் அறைக்குப் போனார். கதை முழுவதையும் அவரே சொன்னார்; நான் கம்பளத்தில் ஒரு கறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம் தரேன் சார். ஆனா அண்ணா, உங்க ரெக்கார்டை நீங்கதான் எழுதிக் கேக்கணும்."

"எனக்கு இங்கிலீஷ்..."

"தமிழ்லயே எழுதுங்க. நான் படிப்பேன்."

நாலு வரிக்கு எட்டுத் தாள் கிழித்தேன்.

சனிக்கிழமை காலை லொக்கண்ணை ஒரு பால் போத்தலோடு வந்தார். "பால் காய்ச்சாமல் புது வீட்டுக்குப் போறதோ?" சேர்வர் அறையில் அடுப்பு மூட்டினால் ஃபயர் அலாம் அடித்து மொத்தக் கட்டடமும் றோட்டில் நிற்கும் என்று கெஞ்சி, தேத்தண்ணி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மைக்ரோவேவ் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அவர் பார்த்தார். பால் பொங்கி வழிந்தது.

"எந்தப் பக்கம் தம்பி? கிழக்கோ?"

"தட்டுச் சுத்துது அண்ணை. எல்லாப் பக்கமும்தான்."

"அப்ப நல்லதுதான்," என்று சொல்லிவிட்டுப் போய் வேலையைத் தொடங்கினார். மைக்ரோவேவை நான் துடைத்தேன்.

ஒன்பது வருசத்து டயறிகள் புது மெசினுக்குப் போய்ச் சேர்ந்தன. ஞாயிறு மத்தியானம், பழைய மெசினின் விசிறி நின்றுவிட்டது. உள்ளே சூடு ஏறியது. இன்னும் இரண்டு மணித்தியாலம் ஓடினால் போதும். அதுவோ பத்து நிமிசத்தில் அணைந்துவிடும் போல் இருந்தது. லொக்கண்ணை அட்டை மட்டையால் விசிறத் தொடங்கினார். வேர்வையில் தொப்பி நனைந்தது. "விடமாட்டன், விடமாட்டன்," என்று மெசினோடு சண்டை பிடித்தார்.

எனக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. கம்பளம் கழுவினால் காய வைக்கிற பெரிய விசிறி ஒன்று என் அலுமாரியில் கிடந்தது. இழுத்து வந்து மெசினுக்கு முன்னால் வைத்துப் போட்டேன். கடுதாசிகள் பறந்தன. லொக்கண்ணையின் தொப்பியும் பறந்தது. மூன்றரைக்குக் கடைசி வரியும் புது வீட்டுக்குப் போனது. பழைய மெசினைத் தட்டிக்கொடுத்து, "இனிப் படு," என்றார்.

திங்கள் காலை மழை. வாசலில் செக்கியூரிட்டிக்காரரும் நித்யாவும் நனைந்துகொண்டு நின்றார்கள். லொக்கண்ணை இரண்டு கையையும் விரித்துக் கதவை மறித்துக்கொண்டிருந்தார்.

"சார், தயவு செஞ்சு..."

"பொறு பிள்ளை. புதுச் சேர்வரில கதவு இன்னும் ஒண்டும் எழுதேல்லை. முதல் ஆள் வரட்டும்." என்னைக் கண்டதும் விலகினார். "வலது கையால தட்டுங்கோ தம்பி!"

தட்டினேன். உள்ளே போனதும் நித்யா என்னிடம் ஒரு தாள் கட்டைத் தந்தார். பதினொரு வருசமும் அதில் இருந்தது. நான் சொன்னதைவிட நாலு மாதம் கூட. சுப்பர்வைசர் அதைப் புரட்டிப் பார்த்தார்; இரண்டு என்று இருந்ததை வெட்டிப் பதினொன்று என்று எழுதினார். நான் இன்னும் அங்கேதான் கூட்டித் துடைக்கிறேன்.

லொக்கண்ணை இப்போது பென்சன் எடுத்துவிட்டு வெஸ்ட் ஈலிங்கில், கோயிலுக்குக் கிட்ட இருக்கிறார். போன சனிக்கிழமை ஃபோன் எடுத்தார். சுகம் கேட்கவில்லை, கதையும் இல்லை. இரண்டு தடவை "லொக்கு லொக்கு" என்று பொய்யாக இருமிக் காட்டினார், அவ்வளவுதான்.

நான் ஃபிளாஸ்கைக் கழுவத் தொடங்கினேன்.